ஒரே இழுப்பில் ஒரு கோடு



இந்தத் தடவை நம் பாடம் சித்திரம். "எனக்குப் படம் கீறவே வராது" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். படம் வரைவதற்கும் முன்னால் பழக வேண்டிய ஒரு சின்ன விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஒரு கோட்டைத் தயங்காமல், ஒரே இழுப்பில் போடுவது எப்படி? இதற்கு ஒரு பேனை, கொஞ்சம் பழைய தாள், நாளுக்கு 15 நிமிடம் இருந்தால் போதும். வர்ணப் பெட்டி தேவையில்லை. அழிறப்பர் இருக்கவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் பிள்ளையின் சித்திரக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் வீடு இருக்கும். அதன் கூரை விளிம்பைக் கிட்டவாகப் பாருங்கள். அது ஒரு கோடாக இருக்காது. அரை அங்குல நீளத்தில் பத்துப் பன்னிரண்டு குட்டிக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கம்பளிப்புழு மாதிரி மயிர் மயிராக நிற்கும். அதற்குக் கீழே அழித்த தடம். அழித்த தடத்தின் மேல் இன்னொரு மயிர்க்கோடு. சில இடத்தில் தாளே தேய்ந்து ஓட்டையாகியிருக்கும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்ததும் பிள்ளை கொப்பியை மூடி வைத்துவிட்டு, "எனக்குக் கை வராது" என்று சொல்லிவிடுகிறது. எட்டு ஒன்பது வயதில் சொன்ன அந்தச் சொல்லை அது பெரிய வயதிலும் விடாது.

இது சித்திரப் பாடத்தோடு நிற்கிற நட்டமும் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அழகியல் பாடங்களில் ஒன்றை எடுக்கும்போது நம் பிள்ளைகளில் பலரும் சித்திரத்தைத்தான் எடுக்கிறார்கள். சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் வேறு வழியும் கிடையாது. விஞ்ஞானத்தில் பூவின் வெட்டுமுகம் வரைய வேண்டும், புவியியலில் படம் குறிக்க வேண்டும். பாடசாலையை விட்ட பிறகு தையல் பழகினாலும், தச்சு வேலை பழகினாலும், பெயர்ப்பலகை எழுதப் போனாலும் முதல் நாள் கையில் கேட்பது ஒரு சுத்தமான கோட்டைத்தான்.

சரி, கோடு ஏன் நடுங்குகிறது? கையில் பலமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் தூக்குகிற பிள்ளையின் கையில் பலத்துக்கு என்ன குறை? காரணம் வேறு. மெதுவாகக் கோடு இழுக்கும்போது கண் பேனை முனையைப் பார்த்துக்கொண்டே வருகிறது. "கொஞ்சம் மேலே போச்சு" என்று கண் சொல்ல, மூளை கையைக் கீழே இறக்குகிறது. "இப்ப கீழே போச்சு" என்று திரும்பவும் மேலே ஏற்றுகிறது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை திரும்புவதற்கு ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை செல்லும். ஆகவே ஒவ்வொரு திருத்தமும் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். பிந்தி வந்த திருத்தங்களின் வரிசைதான் அந்த நடுக்கம். கொஞ்சம் வேகமாக, முன்கூட்டியே முடிவுசெய்து இழுத்த கோட்டில் திருத்துவதற்கு நேரமே இல்லை. அதனால் அது நெளியாது. போகிற இடம் தவறலாம், ஆனால் கோடு சுத்தமாக இருக்கும்.

கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாக மலைக்கு வந்த பையன் கத்தியைத் தயங்கித் தயங்கி இரண்டு மூன்று முறை போட்டால் பெரியவர் என்ன சொல்வார்? "டேய், எங்க வெட்டணும்னு மொதல்ல பாரு. பாத்துட்டு ஒரே வெட்டா வெட்டு." சரிவாக ஒரே வெட்டில் விழுந்த கிளையின் வாய் வழவழப்பாக ஆறிவரும். கொத்திக் கொத்தி வெட்டியது பிளந்து, தண்ணீர் இறங்கி, மரம் உள்ளே உக்கிப் போகும். யோசனை கத்தியை ஓங்குவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பேனைக்கும் அதே முறைதான்.

அம்மாமாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தைப்பொங்கலன்று லயத்து வாசலைச் சாணி போட்டு மெழுகிவிட்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அரிசிமாவை எடுத்துக் கோலம் போடுகிற கையைப் பாருங்கள். புள்ளிகள் முதலில் வரிசையாக விழும். பிறகு ஒரு நொடி கை நிற்கும். அந்த நொடியில்தான் வழி முழுவதும் மனதில் ஓடி முடிகிறது. அதன் பிறகு கம்பி புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நடுவில் நின்று யோசித்தால் அந்த இடத்தில் மாவு குமிந்து காட்டிக்கொடுத்துவிடும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணித முறையில் ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள். நம் வீட்டு வாசலில் தினம் மிதிபட்டு அழிகிற கோட்டுக்குள் கணினிப் பாடத்துக்கு வேண்டிய விதிகள் இருந்திருக்கின்றன. ஆகவே, "எங்க அம்மாவுக்குப் படிப்பு இல்ல, இதெல்லாம் தெரியாது" என்று எந்தப் பிள்ளையும் சொல்ல வேண்டாம். கோடு போடுவதில் வீட்டிலேயே ஒரு டீச்சர் இருக்கிறார்.

இனிப் பயிற்சிக்கு ஓர் உருவம் வேண்டும். வெருகல் வேலை எடுத்துக்கொள்வோம்.

வெருகல் திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், மட்டக்களப்பு எல்லையை ஒட்டிய ஊர். ஆற்றங்கரையில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற யாத்திரிகர்கள் அங்கே தங்கிப் போவார்கள். நம் மலைநாட்டு ஆட்களுக்கு அது தூரத்து ஊர்தான். ஆனால் தண்ணீருக்கு அது தூரமில்லை. நானுஓயா, தலவாக்கலைப் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயாவில் விழுந்து மகாவலியில் சேருகின்றன. 335 கிலோமீற்றர் ஓடுகிற அந்தப் பெரிய கங்கையிலிருந்து கடலுக்குக் கிட்டப் பிரிந்து போகிற கிளைதான் வெருகல் ஆறு. தலவாக்கலைப் பீலியில் நீங்கள் முகம் கழுவிய தண்ணீரில் கொஞ்சமாவது அந்தக் கோயில் வாசலைக் கடந்துதான் போகும்.

அங்கே இருக்கும் முருகனுக்குச் சித்திர வேலாயுதர் என்று பெயர். சித்திரம் என்றால் படம், அழகு என்றும் பொருள். சித்திரப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும். வேல் என்ற ஆயுதத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு நீண்ட நேர்கோடு. மேலே இரண்டு வளைகோடுகள் இலை மாதிரி விரிந்து ஒரு கூரில் முடிகின்றன. ஒளித்து வைக்க இடமே இல்லாத உருவம் அது. கோடு நடுங்கினால் வேல் அரிவாளாகிவிடும். கோயிலுக்குப் போகாத பிள்ளைகள் இதே கோடுகளில் ஒரு தேயிலை இலையையும் காம்பையும் வரையலாம். கைக்கு இரண்டும் ஒரே வேலைதான்.

ஆனால் வேல் கடைசியில். அதுவரைக்கும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி வருவோம்.

தாளில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். பேனையை முதல் புள்ளிக்கு மேலே பிடியுங்கள். கண்ணை இரண்டாவது புள்ளியில் வையுங்கள். பேனை முனையைத் துரத்திக்கொண்டு கண் போகக் கூடாது. இப்போது தாளில் படாமல், காற்றிலேயே புள்ளிக்குப் புள்ளி கையை நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். கைக்கு வழி பிடிபட்டுவிட்டது என்று தோன்றும்போது, அதே ஓட்டத்தில் பேனையை இறக்கி இழுத்துவிடுங்கள். "ஒண்ணு... ரெண்டு" என்று வாயால் சொல்லி முடிக்கிற நேரம் போதும். நடுவில் நிற்காதீர்கள். கோடு இரண்டாவது புள்ளியைத் தொடாமல் பக்கத்தால் போய்விட்டதா? போகட்டும். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இரண்டு புள்ளிகளுக்குப் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குக் கோடு நெளியாமல் இருந்தாலே போதும். புள்ளியைச் சரியாகத் தொடுவது அதற்குப் பிறகு வரும். இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் பிள்ளை மறுபடி மெதுவாக ஊரத் தொடங்கிவிடும்.

கை எங்கிருந்து அசைய வேண்டும் என்பது முக்கியம். கதவை யோசித்துப் பாருங்கள். கீல் ஒரு பக்கத்தில் இருப்பதால் கதவின் மறு ஓரம் எப்போதும் வளைவாகத்தான் போகும். மணிக்கட்டும் ஒரு கீல். மணிக்கட்டை மட்டும் ஆட்டி ஒரு சாண் நீளக் கோடு போட்டால் அது வளையத்தான் செய்யும். எழுத்து எழுதுவதற்கு மணிக்கட்டு நல்லது, நீளக் கோட்டுக்குத் தோள்தான் வேண்டும். மணிக்கட்டை இறுக்காமல் அசையாது வைத்து, முழுக் கையும் தோளிலிருந்து ஓடட்டும். சுண்டுவிரலின் ஓரம் தாளில் லேசாக வழுக்கிக்கொண்டு போகலாம். பிடிபடாத பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போய், ஒரு குச்சியைக் கொடுத்து மண்ணில் ஆள் உயரத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். அங்கே மணிக்கட்டால் ஒன்றும் செய்ய முடியாது, தோள் தானாகவே வேலைக்கு வந்துவிடும். அந்த ஓட்டத்தைச் சூடு ஆறுவதற்குள் தாளுக்குக் கொண்டு வாருங்கள்.

தாளைத் திருப்பிக்கொள்ளவும் பயப்பட வேண்டாம். சுவரில் ஆணி அடித்த மாதிரி தாளை நேராகவே வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் கைக்கு எந்தத் திசை சுகமோ அந்தத் திசைக்குக் கோடு வருமாறு தாளைச் சுற்றி வையுங்கள். வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடது கீழிருந்து வலது மேலே போவது சுகம். இடக்கைக்காரருக்கு மறுபக்கம். இடக்கைப் பிள்ளையைத் தட்டி வலக்கைக்கு மாற்றுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு பயிற்சி. அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு போடுங்கள். அடிமட்டத்தை எடுத்துவிட்டு, அதே கோட்டின் மேல் வெறுங்கையால் 8 தடவை போடுங்கள், ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில். தொடங்குகிற இடத்தில் எட்டுக் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். முடிகிற இடத்தில் விளக்குமாறு மாதிரி விரிந்தால் பரவாயில்லை, நாளாக நாளாகக் குறையும். இரண்டு பக்கமும் விரிந்திருந்தால் பேனையை அவசரமாக இறக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

இனி அழிறப்பர் விஷயம். அது குற்றவாளி இல்லை, பிறகு தேவைப்படும். பழகுகிற காலத்தில் அது பக்கத்தில் இருந்தால், "பிழைச்சா அழிக்கலாம்" என்று மனம் முடிவெடுக்காமலே கையை அனுப்பிவிடும். பேனை அப்படி விடாது. பிழையான கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டுத் திருத்துவதையும் நிறுத்துங்கள். மேலே மேலே போடப் போடப் பிழையான கோடுதான் தடித்து, பார்க்கிறவர் கண்ணில் முதலில் படும்.

நேர்கோடு பழகினதும் உருவங்களுக்கு வருவோம். லயத்தை வரைய ஆசைப்படாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? லயம் ஒரு நீளப் பெட்டி. அதன் ஒரு மூலைக்கு எதிரே கொஞ்ச தூரத்தில் நின்று பாருங்கள். கிட்ட இருக்கிற மூலையின் நிலைக்கோடு உயரமாகத் தெரியும். இஸ்தோப்பின் கீழ் ஓரமும் கூரைத் தகரத்தின் ஓரமும் தூரம் போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். முதலில் அந்த நிலைக்கோடு. பிறகு மேல் ஓரம், கீழ் ஓரம். பிறகு தூரத்து மூலை. ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்து, காற்றில் ஓட்டிப் பார்த்து, ஒரே இழுப்பு. கதவு ஜன்னலைப் பற்றிய கவலை பிறகு. பெட்டி சரியாக நின்றால் கதவு தானாக அதில் பொருந்தும்.

கூடையும் வாளியும் வட்டத்தில் தொடங்குகின்றன. பீலிக்கடியில் தண்ணீர் நிறைந்த வாளியை நேர் மேலே இருந்து பாருங்கள், வாய் முழு வட்டம். கொஞ்சம் தள்ளி நின்றால் அது சப்பையாகும். குனிந்து கண்மட்டத்துக்கு வந்தால் வெறும் கோடாகிவிடும். அந்தச் சப்பை வட்டத்தைத்தான் நீள்வட்டம் என்கிறோம். இதைக் கீறும்போது பிள்ளைகள் இரண்டு முனையையும் கூராக்கிக் கண் வடிவமாக்கிவிடுகிறார்கள். முனை கிடையாது. முனை வந்தால் கை அங்கே நின்றுவிட்டது என்று பொருள். இரண்டு நேர்கோடுகளைக் கிடையாகப் போட்டு, அவற்றுக்கு நடுவே பேனையை எடுக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முதல் சுற்று கோணலாக இருந்தாலும் இரண்டாவது சுற்றில் உருவம் வந்துவிடும். ஒரு பக்கம் நிரம்பும்வரை இதையே செய்யலாம். மேலே பெரிய நீள்வட்டம், கீழே சின்னதாக ஒன்று, பக்கத்தில் இரண்டு கோடு, கொழுந்துக் கூடை தயார். (இப்போது பல இடங்களில் கூடைக்குப் பதில் பைதான். பையை வரைவது இன்னும் கஷ்டம், அதை விட்டுவிடுவோம்.)

வட்டம் என்றதும் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. இத்தாலியில் ஜொத்தோ என்று ஓர் ஓவியர். பாப்பரசரின் தூதர் வந்து, "உங்கள் திறமைக்கு அத்தாட்சியாக ஒரு படம் தாருங்கள்" என்று கேட்டாராம். ஜொத்தோ ஒரு தாளை எடுத்து, தூரிகையைச் சிவப்பில் தோய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, ஒரே சுற்றில் ஒரு வட்டம் போட்டு, "இது போதும்" என்று கொடுத்துவிட்டாராம். தூதர் தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தார். பாப்பரசருக்குப் புரிந்தது. இதை எழுதி வைத்தவர் வசாரி, 1550இல். ஜொத்தோ இறந்து 200 வருடத்துக்கு மேல் ஆன பிறகு எழுதியது. அதனால் நடந்ததா, கட்டியதா என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் முழங்கையை விலாவோடு ஒட்டினார் என்ற இடத்தைக் கவனியுங்கள். எந்த மூட்டு அசையப் போகிறது என்பதை முன்னமே முடிவுசெய்துவிட்டார்.

நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் ஜோர்ஜ் கீற் இருக்கிறார். 1901இல் கண்டியில் பிறந்தவர். கொழும்பு பொரளையிலுள்ள கோதமி விகாரையின் சுவர்களில் 1939, 1940ஆம் ஆண்டுகளில் புத்தரின் வாழ்க்கையை வரைந்தார். கொழும்புக்குப் போகிற வாய்ப்பு வந்தால் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். முகத்தைப் பார்க்காமல் ஓரக்கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தோளில் தொடங்கிய கோடு எங்கே போய் முடிகிறது என்று விரலால் காற்றில் பின்தொடரச் சொல்லுங்கள்.

இப்போது வேல். தாளின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு சாண் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. தாளைச் சரித்து வைத்துக்கொண்டால் சுலபம். அதன் உச்சியில் ஒரு புள்ளி, அதுதான் கூர். நாலு விரற்கடை கீழே இன்னொரு புள்ளி, அங்கே இலை முடியும். இலை எங்கே அதிகமாக விரிகிறதோ அந்த இடத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுக்கோட்டிலிருந்து சரி தூரத்தில். ஆக நாலு புள்ளி. கூரிலிருந்து பக்கப் புள்ளி வழியாகக் கீழ்ப் புள்ளி வரைக்கும் காற்றில் ஓட்டிப் பாருங்கள். இடப்பக்க வளைவு வலக்கைக்கு எளிதாக வரும். வலப்பக்க வளைவுதான் மக்கர் பண்ணும். அதற்குத் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள், இப்போது அதுவும் இடப்பக்கம் ஆகிவிட்டது. இடக்கைக்காரர் இதையே மறுபக்கமாகச் செய்யலாம். இரண்டு வளைவும் கூரில் சந்திக்காமல் கொஞ்சம் விலகி நின்றால் ஒட்டுப் போடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு வேல் போடுங்கள். ஒரு தாளில் ஆறு வேல் நிற்கலாம், ஆறாவது முதலாவதைவிட நன்றாகவே இருக்கும்.

பெற்றார்களுக்குக் கொஞ்சம். 2022க்குப் பிறகு கொப்பி விற்கிற விலை உங்களுக்குத் தெரியும். இந்தப் பயிற்சிக்குப் புதுக் கொப்பியை எடுக்க வேண்டாம். பழைய பத்திரிகைத் தாள், கலண்டரின் பின்பக்கம், சீமெந்துப் பையின் உள்தாள் எல்லாம் நல்ல தாள்தான். அச்சடித்த எழுத்துக்கு மேலேயே கறுத்தப் பேனையால் கோடு போடலாம். மலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பிள்ளையோடு உட்காரச் சொல்வது லேசான காரியம் இல்லை. உட்காரவும் வேண்டாம். அடுப்பில் வேலையாக இருந்துகொண்டே, "இன்னைக்கு எத்தனை கோடு போட்டே?" என்று கேட்டால் போதும். "நல்லா இருக்கா?" என்று பிள்ளை தாளைத் தூக்கிக் காட்டினால், நடுங்காமல் வந்த ஒரு கோட்டைத் தேடி விரல் வைத்துக் காட்டுங்கள். "அசிங்கமா இருக்கு" என்று ஒரு தடவை சொன்னால் அடுத்த நாள் கை மறுபடி ஊரும்.

முதல் நாள் தாளில் திகதி போட்டு, கூரைக் கம்பில் செருகி வையுங்கள். முப்பதாவது நாள் அதே எட்டுக் கோட்டையும் அதே வேலையும் இன்னொரு தாளில் போட்டு, இரண்டையும் இஸ்தோப்பு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள்.

மார்கழி தையில் பேனை விட்டு விட்டு எழுதும். குளிரில் மை இறுகுவதால் வருவது அது. உள்ளங்கைகளுக்கு நடுவே பேனையைக் கொஞ்ச நேரம் உருட்டிச் சூடாக்கிவிட்டுக் கோடு போடுங்கள்.